பரிசுப் பணம் தொடாமல் முப்பது ஆண்டுகள்: அமெச்சூர் கோல்ஃப் வாழ்க்கை எதன் மேல் நிற்கிறது?

2024 ஜனவரி 21 அன்று கலிஃபோர்னியாவின் லா கின்டாவில் முடிந்த பிஜிஏ டூர் (அமெரிக்காவின் முதன்மையான தொழில்முறை கோல்ஃப் தொடர்) போட்டியில் நிக் டன்லப் என்ற 20 வயதுக் கல்லூரி மாணவர் வென்றார். முதல் பரிசு 15 லட்சத்து 12 ஆயிரம் டாலர். அதில் ஒரு டாலர்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. ஒரே ஒரு ஸ்ட்ரோக் (அடி) வித்தியாசத்தில் இரண்டாவதாக வந்த தென்னாப்பிரிக்க வீரர் கிறிஸ்டியான் பெஸைடன்ஹௌட்டுக்கு முழுத் தொகையும் போய்ச் சேர்ந்தது. காரணம், டன்லப் அமெச்சூர். பிஜிஏ டூரில் ஓர் அமெச்சூர் வெல்வது, 1991இல் ஃபில் மிக்கெல்சன் டூசானில் வென்றதற்குப் பிறகு அதுவே முதல் முறை.

டன்லப் சில நாட்களிலேயே தொழில்முறை ஆட்டத்துக்கு மாறிவிட்டார். அதில் யாருக்கும் வியப்பில்லை. வியப்புக்குரியவர்கள் இன்னொரு வகையினர்: தொழில்முறை வீரர்களோடு மோதும் திறமை இருந்தும், இருபது, முப்பது ஆண்டுகள் அமெச்சூராகவே இருந்து பட்டங்களைக் குவித்தவர்கள். 2025 ஏப்ரலில் 81 வயதில் மறைந்த அமெரிக்கர் ஜே சிகெல் அவர்களில் முதன்மையானவர். இரங்கல் செய்திகளில் அவருடைய சாதனைப் பட்டியல் நீளமாக வந்தது. ஆனால் இத்தனை வென்றவர் ஏன் பணத்துக்கு ஆடவில்லை, பணமில்லாமல் எப்படி இத்தனை ஆண்டுகள் ஆட முடிந்தது என்ற இரண்டு கேள்விகளுக்கும் பட்டியல் பதில் சொல்லாது. விளையாட்டின் மீதான காதல் என்று சொல்லி முடித்துக்கொள்வது எளிது. என் பார்வையில் அது பாதி பதில்கூட இல்லை. விதிப் புத்தகம், வயதுவாரிப் போட்டிகள், விடுப்புக் கொடுக்கும் பிழைப்பு ஆகிய மூன்றும் கூடி வந்தால்தான் அப்படி ஒரு வாழ்க்கை அமையும்.

அமெச்சூர் என்றால் யார்?

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விலக்கிவிடலாம். அமெச்சூர் என்பது திறமையின் அளவு அல்ல. வார இறுதியில் பொழுதுபோக்காக ஆடுபவரும் அமெச்சூர்தான், பிஜிஏ டூரில் வென்ற அன்றைய டன்லப்பும் அமெச்சூர்தான். திறமையைக் காட்டுவது ஹேண்டிகேப் என்ற எண். அமெச்சூர் தகுதி என்பது பணத்தோடு ஒருவருக்கு உள்ள உறவைக் குறிப்பது.

அமெரிக்காவின் யுஎஸ்ஜிஏ, ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸைத் தலைமையிடமாகக் கொண்ட ஆர் அண்ட் ஏ ஆகிய இரண்டு அமைப்புகளும் சேர்ந்து இதற்கான விதிகளை வகுக்கின்றன. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி ஒருவர் அமெச்சூர் தகுதியை இழக்கும் வழிகள் சுருக்கமாக இவை:

1. வரம்பை மீறிய பரிசை ஏற்பது. வரம்பு 1,000 டாலர் அல்லது 700 பவுண்டு. அதற்கு முன்பு 750 டாலராக இருந்தது. ஹேண்டிகேப் கழிவு இல்லாத போட்டிகளில் இந்த வரம்புக்குள் ரொக்கமாகவே பெறலாம். ஹேண்டிகேப் போட்டிகளில் ரொக்கம் கூடாது, பொருளாகத்தான் பெற வேண்டும்.

2. ஒரு போட்டியில் தொழில்முறை வீரராகப் பதிந்து ஆடுவது.

3. பணம் வாங்கிக்கொண்டு கோல்ஃப் கற்றுக்கொடுப்பது. சில விலக்குகள் உண்டு.

4. கோல்ஃப் கிளப்பில் தொழில்முறைப் பயிற்சியாளராக வேலை பார்ப்பது, அல்லது தொழில்முறை வீரர்களின் சங்கத்தில் உறுப்பினராவது.

'பரிசு' என்ற சொல்லுக்குள் எது அடங்கும் என்பதில்தான் பலரும் குழம்புகிறார்கள். முதல் அடியிலிருந்து பந்து குழியில் விழும் வரை முறையாக ஆடும் போட்டிகளுக்கு மட்டுமே மேற்கண்ட வரம்பு. யார் அதிக தூரம் அடிப்பது, யார் கொடிக்கு அருகில் நிறுத்துவது போன்ற தனிப் பந்தயங்கள் அதற்குள் வருவதில்லை. ஒரே அடியில் குழியில் விழவைத்ததற்காகக் கார் பரிசு வாங்கினாலும் தகுதி போகாது. இந்த விலக்கு 2012இலேயே வந்துவிட்டது.

2022இல் வந்த பெரிய மாற்றம் வேறு. விளம்பரதாரர் பணம், பயணச் செலவுக்கான உதவி, தன் பெயரையும் முகத்தையும் பயன்படுத்தி வரும் வருமானம் ஆகியவற்றின் மீதிருந்த பழைய தடைகள் எல்லாம் நீக்கப்பட்டன. முந்தைய நூறு ஆண்டுகளில் வீரர்களின் தலையில் இடியாக இறங்கியவை இந்தத் தடைகள்தான்.

பழைய விதி யாரைப் பாதித்தது?

1913இல் பாஸ்டன் அருகே புரூக்லைனில் நடந்த யு.எஸ். ஓபனில் பிரிட்டனின் ஹாரி வார்டன், டெட் ரே இருவரையும் வென்ற ஃபிரான்சிஸ் விமெட், முன்னாள் கேடி (ஆடுபவரின் மட்டைப் பையைச் சுமப்பவர்), வயது 20. அமெரிக்காவில் கோல்ஃப் பொதுமக்களின் கவனத்துக்கு வந்ததே அந்த வெற்றியால்தான் என்பார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து, 1916இல், விளையாட்டுப் பொருட்கள் விற்கும் கடையில் பங்கு வைத்திருந்த காரணத்துக்காக அவருடைய அமெச்சூர் தகுதியை யுஎஸ்ஜிஏ பறித்தது. 1918இல் திருப்பிக் கொடுத்தது. 1931இல் யு.எஸ். அமெச்சூர் பட்டத்தை இரண்டாவது முறையாக வென்றார் விமெட். முதல் முறை வென்றது 1914இல். நடுவில் பதினேழு ஆண்டுகள்.

அந்தக் காலத்தில் பதினாறு வயதைத் தாண்டியும் கேடியாகச் சம்பாதித்தால் அதுவே தொழில்முறை என்று கருதப்பட்டது. 1916இல் யு.எஸ். ஓபன், யு.எஸ். அமெச்சூர் இரண்டையும் வென்ற சிக்காகோவின் சிக் எவன்ஸ் இதற்காகவே அந்த வேலையைக் கைவிட வேண்டியிருந்தது. பிறர் மட்டைகளைச் சுமந்து பிழைத்த பிள்ளைகளை மட்டும் தேடிப் பிடிக்கும் இந்த விதி, பரம்பரைச் சொத்தில் ஆடிய கனவான்களை ஒன்றும் செய்யவில்லை. தூய்மையைக் காக்கிறோம் என்று எழுதிய விதியில் வர்க்கக் கணக்கும் கலந்திருந்தது. எவன்ஸ் அதற்கு அழகாகப் பதில் சொன்னார். கோல்ஃப் பாடங்களை இசைத்தட்டாகப் பதிவுசெய்து வந்த பணத்தைத் தான் எடுத்துக்கொண்டால் தகுதி போய்விடும் என்பதால், அதைக் கேடிகளின் கல்லூரிப் படிப்புக்கான நிதியாக்கினார். எவன்ஸ் உதவித்தொகை 1930இல் தொடங்கியது, இன்றும் தொடர்கிறது.

இன்னொரு வழக்கு ஹார்வி வார்டுடையது. 1955, 1956 இரண்டு ஆண்டுகளும் யு.எஸ். அமெச்சூர் வென்றவர். சான் ஃபிரான்சிஸ்கோவில் கார் வியாபாரி ஒருவரிடம் விற்பனையாளராக வேலை பார்த்தார். அந்த முதலாளி போட்டிகளுக்கான பயணச் செலவைக் கொடுத்தார் என்று தெரியவந்ததும் 1957இல் வார்டின் தகுதி நிறுத்திவைக்கப்பட்டது. மறு ஆண்டு திரும்பக் கிடைத்தாலும் பழைய ஆட்டம் திரும்பவில்லை. அந்த முதலாளி எடி லவரி. 1913இல் பத்து வயதில் விமெட்டின் மட்டைப் பையைச் சுமந்து புகைப்படங்களில் இடம்பிடித்த அதே சிறுவன்! விமெட் கதையின் நாயகனுக்கு உதவிய கை, வார்டின் கதையில் விதியை மீறிய கையானது. 2022க்குப் பிந்தைய விதியில் இது குற்றமே அல்ல.

அமெச்சூர்கள் எங்கே ஆடுகிறார்கள்?

சிகெலின் சாதனைகளை அளக்க நான்கு போட்டிகளைத் தெரிந்துகொண்டால் போதும்.

யு.எஸ். அமெச்சூர் 1895இல் தொடங்கியது. இன்றைய வடிவத்தில் 312 பேர் முதலில் 36 குழிகள் ஸ்ட்ரோக் பிளே ஆடுகிறார்கள். அதாவது மொத்த அடிகளின் எண்ணிக்கையே கணக்கு. அதிலிருந்து 64 பேர் மேட்ச் பிளேக்குப் போகிறார்கள். மேட்ச் பிளே என்பது நேருக்கு நேர் ஆட்டம். குழிக்குக் குழி யார் வென்றார் என்பதுதான் கணக்கு. ஐந்து சுற்றுகள், பிறகு 36 குழிகள் கொண்ட இறுதி ஆட்டம். கடைசி வரை போகிறவர் ஒரே வாரத்தில் 162 குழிகள் வரை ஆட நேரிடலாம். '8-7 என வென்றார்' என்று படித்தால், ஏழு குழிகள் மீதமிருக்கும்போதே எட்டுக் குழிகள் முன்னிலை பெற்றுவிட்டார், ஆட்டம் அங்கேயே முடிந்தது என்று பொருள்.

பிரிட்டிஷ் அமெச்சூர், ஆர் அண்ட் ஏ நடத்துவது. தன்மையில் இதைப் போன்றதே. இங்கிலாந்தின் மைக்கேல் பொனாலக் 1961, 1965, 1968, 1969, 1970 என ஐந்து முறை வென்றார். பிறகு அதே ஆர் அண்ட் ஏயின் செயலாளராகவும் இருந்தார்.

வாக்கர் கோப்பை 1922 முதல் நடக்கிறது, இப்போது இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை. ஒரு பக்கம் அமெரிக்கா. மறுபக்கம் பிரிட்டனும் அயர்லாந்தும் சேர்ந்த அணி. அமெச்சூர் ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய ஆகப் பெரிய அணி மரியாதை இதுதான். பெண்களுக்கு இதற்கு நிகரானது கர்டிஸ் கோப்பை.

நான்காவது யு.எஸ். மிட்-அமெச்சூர். 25 வயதைக் கடந்தவர்களுக்கு மட்டுமானது. 1981இல்தான் இது தொடங்கியது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குள் யு.எஸ். அமெச்சூர், கல்லூரி அணிகளில் ஆண்டு முழுவதும் ஆடும் இருபது வயதுப் பிள்ளைகளின் களமாக மாறியிருந்தது. வேலைக்குப் போய்க்கொண்டு, குடும்பம் நடத்திக்கொண்டு ஆடுபவர்களுக்குத் தேசிய அளவில் ஒரு மேடை வேண்டும் என்பதற்காகவே இதை உருவாக்கினார்கள்.

ஜே சிகெல்: ஒரு கதவும் அதற்குப் பின்னும்

பென்சில்வேனியாவில் பிலடெல்பியாவை அடுத்த பகுதியில் 1943 நவம்பரில் பிறந்தவர் சிகெல். வேக் ஃபாரஸ்ட் கல்லூரியில் கோல்ஃப் உதவித்தொகையில் படித்தார். தொழில்முறை வீரராவதே திட்டம். 1963இல் மூடவிருந்த ஒரு கதவைப் பிடிக்கக் கை நீட்டியபோது கண்ணாடி உடைந்து, இடது மணிக்கட்டில் ஆழமாக வெட்டியது, நரம்புகள் அறுந்தன. வலது கை ஆட்டக்காரருக்கு மட்டையை வழிநடத்துவது இடது கைதான். மீண்டும் ஆட முடியுமா என்பதே சந்தேகமாக இருந்தது. மெல்ல மெல்ல ஆட்டம் திரும்பியது. ஆனால் அந்தக் கையை நம்பிப் பிழைப்பை அமைத்துக்கொள்ளும் எண்ணம் திரும்பவில்லை. படிப்பை முடித்தார், காப்பீட்டுத் தொழிலில் இறங்கினார், சொந்த ஊர்ப் பக்கமே குடும்பத்தோடு தங்கினார்.

இதற்குப் பிறகு நடந்தவற்றில் ஆண்டுகளைக் கவனிக்க வேண்டும். அவருடைய முதல் வாக்கர் கோப்பை 1977இல், வயது 33. பிரிட்டிஷ் அமெச்சூர் 1979இல், ஹில்சைட் மைதானத்தில், ஸ்காட் ஹோக்கை வென்று, வயது 35. யு.எஸ். அமெச்சூர் 1982இல், விமெட் வென்ற அதே புரூக்லைனில், டேவிட் டோலியை 8-7 என வென்று, வயது 38. மறு ஆண்டு மீண்டும் அதே பட்டம், இம்முறை கிறிஸ் பெர்ரியை, மீண்டும் 8-7. ஹார்வி வார்டுக்குப் பிறகு அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் அதை வென்றவர் அதுவரை வேறு யாரும் இல்லை. அதே 1983இல் மிட்-அமெச்சூரையும் வென்றார். ஒரே ஆண்டில் யுஎஸ்ஜிஏயின் இரண்டு தனிநபர் பட்டங்களை, 1930இல் அமெரிக்க அமெச்சூர் பாபி ஜோன்ஸுக்குப் பிறகு, முதலில் வென்றவர் அவர்தான். 1985, 1987 ஆண்டுகளிலும் மிட்-அமெச்சூர் அவருடையதே.

தொழில்முறை வீரர்கள் நிறைந்த போட்டிகளிலும் அவர் ஒதுங்கியிருக்கவில்லை. மாஸ்டர்ஸில் 1980, 1981, 1988 ஆகிய மூன்று முறையும், பிரிட்டிஷ் ஓபனில் 1980இலும், யு.எஸ். ஓபனில் 1984இலும் அமெச்சூர்களில் முதலாவதாக முடித்தார்.

வாக்கர் கோப்பையில் 1977 முதல் 1993 வரை ஒன்பது முறை விடாமல் ஆடினார், 33 ஆட்டங்கள். 1983, 1985 இரண்டு முறையும் ஆடும் கேப்டனாக இருந்து வென்றுகொடுத்தார். எல்லாம் வெற்றி என்றும் சொல்லிவிட முடியாது. 1989இல் அட்லாண்டாவின் பீச்ட்ரீ மைதானத்தில் கடைசி ஜோடியாக ஆடிய சிகெல், முன்னிலையில் இருந்தும் ஸ்காட்லாந்தின் ஜிம் மில்லிகனைக் கடைசிக் குழிகளில் தப்பவிட்டார். ஆட்டம் சமனில் முடிய, பிரிட்டன்-அயர்லாந்து அணி அமெரிக்க மண்ணில் முதன்முறையாகக் கோப்பையை வென்றது. அந்த அமெரிக்க அணியில் இருந்த இன்னொருவர் ஃபில் மிக்கெல்சன். சிகெலை விட 26 வயதுக்கும் மேல் இளையவர்.

1993 நவம்பரில் ஐம்பது வயது நிறைந்ததும், பணத்துக்கு ஆடுவதில்லை என்ற முப்பது ஆண்டு முடிவை மாற்றிக்கொண்டு, ஐம்பது வயதுக்கு மேற்பட்டோருக்கான சீனியர் டூரில் சேர்ந்தார். முதல் ஆண்டிலேயே, ஒரு போட்டியின் கடைசிச் சுற்றைத் தொடங்கும்போது 10 ஸ்ட்ரோக் பின்தங்கியிருந்து, சமனை முறிக்கும் பிளே-ஆஃபில் ஜிம் கோல்பர்ட்டை வென்றார். அந்த ஆண்டின் சிறந்த புதுமுகமும் ஆனார். மொத்தம் எட்டு வெற்றிகள். எனவே இளமையில் தொழில்முறைக்குப் போயிருந்தாலும் பிழைத்திருப்பார் என்று ஊகிக்கலாம். ஆனால் அவருடைய அமெச்சூர் சாதனைகளை, கைக்கு எட்டாததை வேண்டாம் என்று சொன்னவரின் ஆறுதல் பரிசாகப் பார்க்கக் கூடாது என்பதற்கு அந்த எட்டு வெற்றிகளே போதும்.

இது எப்படிச் சாத்தியமானது?

பாபி ஜோன்ஸ் 13 பெரும் பட்டங்களை வென்று, 1930இல் 28 வயதில் ஓய்வுபெற்றார். சட்டம் படித்தவர், வழக்கறிஞர். பிறகு ஹாலிவுட் நிறுவனத்துக்காகப் பாடப் படங்களில் நடித்துச் சம்பாதித்தார். சிகெலோ ஜோன்ஸ் ஓய்வுபெற்ற வயதில் தேசியப் பட்டம் ஒன்றைக்கூட வென்றிருக்கவில்லை. ஒருவருடைய வாழ்க்கை கொழுந்துவிட்டு எரிந்து சீக்கிரம் முடிந்தது. மற்றவருடையது தாமதமாகத் தொடங்கி நெடுநாள் நின்றது. இரண்டாவது வகைக்கு என்ன வேண்டும்?

1. வயதைப் பொறுத்துக்கொள்ளும் விளையாட்டு. கோல்ஃபில் வேகமும் வலுவும் குறைந்தாலும், குழி இருக்கும் கிரீனைச் சுற்றிய நுட்பமும் மைதானத்தைப் படிக்கும் அறிவும் கைகொடுக்கும். டாம் வாட்சன் 59 வயதில், 2009 பிரிட்டிஷ் ஓபனின் பிளே-ஆஃப் வரை போனார். மிக்கெல்சன் 50 வயதில், 2021இல் பிஜிஏ சாம்பியன்ஷிப் வென்றார். நாற்பது வயது மனிதர் இருபது வயதுப் பிள்ளையை வெல்ல முடியும் என்பது இந்த விளையாட்டின் அடிப்படைச் சலுகை.

2. மேட்ச் பிளே. ஒரு குழியில் படுமோசமாகச் சொதப்பினாலும் இழப்பு ஒரு குழி மட்டுமே; அடுத்ததில் சமன் செய்யலாம். வாரத்துக்கு ஐந்து நாள் பயிற்சி செய்ய முடியாதவரின் ஆட்டத்தில் இப்படிப்பட்ட சறுக்கல்கள் வரத்தான் செய்யும். எதிராளியின் முகத்தைப் படிக்கும் அனுபவமும் இதில் கூடுதல் பலன் தரும்.

3. நேரம் தரும் தொழில். இதைத்தான் எல்லோரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அமெச்சூர் வீரர்களில் காப்பீடு, பங்குச் சந்தை, நிதித் துறைக்காரர்கள் திரும்பத் திரும்ப வருவது தற்செயல் அல்ல. காப்பீட்டு முகவருக்குக் கைகடிகாரம் பார்த்து அமர வேண்டிய மேசை இல்லை. கோடையில் ஒரு வாரம் போட்டிக்குப் போய்விட்டு இலையுதிர் காலத்தில் ஈடுசெய்யலாம். வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் கோல்ஃப் கிளப்பிலேயே கிடைப்பார்கள். சிகெலின் பெரும் பட்டங்கள் 35 வயதுக்கு மேல் வந்ததற்குத் தொழில் நிலைபெற்றதும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

4. வயதுக்கேற்ற படிகள். 19 வயதுக்குக் கீழே ஜூனியர் அமெச்சூர், 25க்கு மேல் மிட்-அமெச்சூர், ஆண்களுக்கு 55லும் பெண்களுக்கு 50லும் தொடங்கும் சீனியர் அமெச்சூர். ஒரு படியில் ஒளி மங்கும்போது அடுத்தது காத்திருக்கிறது. மிட்-அமெச்சூர் தொடங்கியபோது சிகெலுக்கு 37 வயது. அந்த விஷயத்தில் அவருக்குக் காலம் ஒத்துழைத்தது. பத்து ஆண்டுகள் முன்னதாகப் பிறந்திருந்தால் பட்டியலில் மூன்று பட்டங்கள் குறைந்திருக்கும்.

மூன்றாவது நிபந்தனையின் மறுபக்கம் ஜானி குட்மேன். ஒமாஹாவின் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, சிறு வயதிலேயே ஆதரவற்றவரான அவர், 1929 யு.எஸ். அமெச்சூருக்காகக் கலிஃபோர்னியாவின் பெபிள் பீச்சுக்குக் கால்நடைகளை ஏற்றிச் சென்ற ரயிலில் போய்ச் சேர்ந்து, முதல் சுற்றிலேயே பாபி ஜோன்ஸை வீழ்த்தினார். 1933இல் யு.எஸ். ஓபன் வென்றார். ஆண்களின் நான்கு பெரும் போட்டிகளில் ஒன்றை வென்ற கடைசி அமெச்சூர் இன்றுவரை அவரே. அவரும் காப்பீடு விற்றவர்தான். ஆனால் பயண உதவியைக் கூடச் சந்தேகத்தோடு பார்த்த விதியின் கீழ், கையில் காசில்லாத ஒருவர் எத்தனை ஆண்டுகள் தாக்குப்பிடிக்க முடியும்?

பெண்கள் ஆட்டத்தில்

நீண்ட காலம் என்ற ஒரே அளவுகோலை வைத்தால் சிகெலையும் மிஞ்சுபவர் கேரல் செம்பிள் தாம்சன். அவரும் பென்சில்வேனியாக்காரர்தான். 1973இல் யு.எஸ். மகளிர் அமெச்சூர், 1974இல் பிரிட்டிஷ் மகளிர் அமெச்சூர், 1990, 1997இல் மிட்-அமெச்சூர், 1999 முதல் 2002 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் சீனியர் மகளிர் அமெச்சூர். இளமை, நடுவயது, முதுமையின் வாசல் என்று மூன்று படிகளிலும் தேசியப் பட்டம். கர்டிஸ் கோப்பையில் 12 முறை ஆடினார். கடைசி முறை 2002இல், தன் ஊர்ப் பக்கத்து மைதானமான ஃபாக்ஸ் சேப்பலில், 53 வயதில், 27 அடி தூரத்திலிருந்து பந்தை உருட்டிக் குழியில் விழவைத்து அமெரிக்காவுக்குக் கோப்பையை உறுதி செய்தார்.

அவருடைய தந்தை யுஎஸ்ஜிஏயின் தலைவராக இருந்தவர். வசதியான குடும்பம். இதைச் சொல்வது அவருடைய திறமையைக் குறைப்பதற்காக அல்ல. முப்பது ஆண்டுகள் வருமானமின்றி ஆடுவதற்கு யாரோ ஒருவர் செலவு செய்தாக வேண்டும் என்பதை நினைவூட்டத்தான். திறமை மிகுந்தும் வேறு வழியில் போனவர்கள் உண்டு. ஐந்து முறை யு.எஸ். மகளிர் அமெச்சூர் வென்ற ஜோஆன் கார்னர், முப்பது வயதுக்கு மேல்தான் தொழில்முறைக்கு மாறினார். பிறகு அங்கேயும் பெரும் பெயர் பெற்றார்.

இப்போது என்ன மாறியிருக்கிறது?

விதி தளர்ந்ததால் நீண்ட அமெச்சூர் வாழ்க்கை எளிதாகும் என்று எதிர்பார்க்கலாம். செலவுக்கு விளம்பரதாரர் கிடைத்தால் குட்மேன்கள் ரயிலில் மாடுகளோடு போக வேண்டியதில்லை, வார்டுகள் முதலாளியின் தயவுக்காகத் தண்டனை பெற வேண்டியதில்லை. அந்த அளவில் 2022 மாற்றம் நியாயமானது. காலம் கடந்து வந்தது என்றும் சொல்வேன்.

ஆனால் எதிர்த் திசையில் இழுக்கும் விசைகள் வலுவானவை. விளம்பரதாரர்கள் தேடுவது நாளைய நட்சத்திரத்தை. நாற்பது வயதுக் காப்பீட்டு முகவரை அல்ல. 2020இல் தொடங்கிய பிஜிஏ டூர் பல்கலைக்கழகத் தரவரிசை, சிறந்த கல்லூரி வீரர்களை நேராகத் தொழில்முறை ஆட்டத்துக்குள் கொண்டுபோகிறது. 2023 முதல் முதலிடம் பிடிப்பவருக்குப் பிஜிஏ டூரிலேயே இடம். சிகெலுக்கு வாய்த்ததைப் போல ஒரு விபத்து குறுக்கிட்டாலொழிய, நல்ல திறமைசாலி 22 வயதில் வேறு பாதையைப் பார்க்கக்கூடக் காரணம் இல்லை.

விளைவு கண்கூடு. யு.எஸ். அமெச்சூரை 25 வயதைக் கடந்த ஒருவர் கடைசியாக வென்றது 1993இல். மினசோட்டாவின் ஜான் ஹாரிஸ், வயது 41, அவரும் காப்பீட்டுத் தொழிலில் இருந்தவர். 1995 இறுதி ஆட்டத்தில் 43 வயது பட்டி மருச்சி, கடைசிக் குழி வரை டைகர் உட்ஸை விடாமல் துரத்தித் தோற்றார். அதன் பிறகு அந்தக் கோப்பை மாணவர்கள் வீட்டுச் சொத்தாகிவிட்டது.

எனவே இன்றைய நீண்ட கால அமெச்சூருக்கு மிட்-அமெச்சூர்தான் வாசல். வென்றவரை மாஸ்டர்ஸுக்கு அழைப்பது வழக்கம்; யு.எஸ். ஓபனிலும் இடம் உண்டு. 2017இல் வென்ற மாசசூசெட்ஸின் தீயணைப்பு வீரர் மேட் பார்சியாலி, மறு ஆண்டு இரண்டிலும் ஆடி, யு.எஸ். ஓபனில் நான்கு நாட்களும் நின்றார். நேதன் ஸ்மித் 2003, 2009, 2010, 2012 என நான்கு முறை மிட்-அமெச்சூர் வென்று சிகெலின் மூன்றைத் தாண்டினார். 2025 வாக்கர் கோப்பை அணிக்கு ஆடாத கேப்டனாகவும் இருந்து வென்றார்.

சிகெலின் பாதைக்கு மிக அருகில் நடப்பவர் நிதித் துறையில் பணியாற்றிய ஸ்டூவர்ட் ஹேகெஸ்டாட். 1991இல் பிறந்தவர். 2016, 2021, 2023இல் மிட்-அமெச்சூர். 2017 மாஸ்டர்ஸில் அமெச்சூர்களில் முதலிடம். 2017 முதல் 2025 வரை ஐந்து வாக்கர் கோப்பைகள். 2026இல் அயர்லாந்தின் லஹின்ச்சிலிருந்து கோப்பை இரட்டைப்படை ஆண்டுகளுக்கு மாற்றப்பட்டிருக்கிறது. சிகெலின் ஒன்பதைத் தொட, ஹேகெஸ்டாட் 2032 வரை ஒவ்வொரு அணியிலும் இடம்பிடிக்க வேண்டியிருக்கும். அப்போது அவருக்கு 41 வயது ஆகியிருக்கும். ஒன்பதாவது கோப்பையில் ஆடியபோது சிகெலுக்கு 49. கணக்குப்படி முடியாததல்ல. ஆனால் அந்த நான்கு அணிகளிலும் மீதி ஒன்பது இடங்களுக்குப் போட்டியிடப்போகிறவர்களில் பெரும்பாலோர், அடுத்த ஆண்டே பணத்துக்கு ஆடப்போகும் மாணவர்களாகத்தான் இருப்பார்கள்.